நூற்று நாற்பத்திரண்டு

நீங்கள் செத்துப் பதினெட்டாம் நாள்
மாங்குளத்தில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனேன்.
கட்டிலிலிருந்து கதிரைக்கு ஆளை மாற்றக் குனிந்தபோது
என் இடுப்பு
உங்கள் பாரத்துக்கே வளைந்தது.
நீங்கள் முப்பத்தெட்டுக் கிலோ.
அந்த மனிசன் அறுபத்தேழு.
இரண்டு பேரும் கட்டிலில் சாய்ந்து விழுந்தோம்.
அவர் சிரித்தார்.

இரத்தினபூபதி அக்கா,
அம்மா என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டீர்கள்.
"பெத்தது ரெண்டு. அது காணும்.
நீ அக்கா எண்டு சொல்லு,
சங்கத்தில எல்லாரும் அப்பிடித்தான்."
ஒட்டுசுட்டான் சங்கக்கடையில்
முப்பத்தொரு வருஷம் மனேச்சர்.
எதையும் நிறுக்காமல் இருக்க உங்களுக்குத் தெரியாது.
நான் வாங்கி வந்த கத்தரிக்காயைக் கையில் ஏந்தி
"முந்நூற்றைம்பது.
அரைக்கிலோக் காசு குடுத்திட்டு வந்திருக்கிறாய், விசரி."
மருந்துப் பையை, ஈரத் துவாயை,
ஒருநாள் என் கையையே தூக்கிப் பார்த்து
"காலமை சாப்பிடேல்லையோ?"

முத்தையன்கட்டிலிருந்து சைக்கிள்.
வழியில் யானை நின்று பிந்தினால்
"யானையிட்ட கடிதம் வாங்கி வந்தனியோ" என்பீர்கள்.
பிறகு உங்கள் தேத்தண்ணியில் பாதி
என் கோப்பைக்கு வரும்.

உங்கள் வலது தொடைக்குள் ஒரு செல் துண்டு.
மழைக்கு முதல்நாள் அது குத்தும்.
நீங்கள் முனகினால்
நான் ஓடிப்போய்க் கொடியில் உடுப்பெடுப்பேன்.
ஒருமுறையும் பிழைத்ததில்லை.
அதையும் சேர்த்துத்தான் முப்பத்தெட்டு.

பனங்கட்டியை எறும்புதான் காட்டிக் கொடுத்தது.
தலையணை உறைக்குள்,
பழைய கூப்பன் மட்டையில் சுற்றி.
அன்றைக்குச் சீனி பார்த்தேன்.
இருநூற்று நாற்பத்திரண்டு.
ஒவ்வொரு இரவும் கொப்பிப் பக்கத்தைப் படமெடுத்துச்
சூரிச்சுக்கு அனுப்ப வேணும், மகளின் கட்டளை.
நீங்கள் என் பேனையைப் பார்த்தீர்கள்.
"ரெண்டை ஒண்டாக்கு.
அவள் அங்க இருந்து கத்துவாள்."

பொருளாதாரத் தடை நாளில்
சீனியைச் சுண்டு சுண்டாய் அளந்தபோதும்
தராசுத் தட்டில் விரல் வைக்காத ஆள்.
உங்கள் முகத்தைப் பார்த்து எழுதினேன்.
நூற்று நாற்பத்திரண்டு.

அந்த இரவு நீங்கள் நித்திரை கொள்ளவில்லை.
விடியப்புறம், இருட்டுக்குள்,
"அதைத் திருத்தடி" என்றீர்கள்.
"அனுப்பியாச்சு அக்கா."
இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.
உங்களோடும் கோபம் போல.

மார்கழியில் நெஞ்சுச் சளி.
மாஞ்சோலை ஆஸ்பத்திரியில் ஐந்து நாள்.
டொக்டர் சீனியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
நான் கேட்கவுமில்லை.
கேட்டிருக்கலாம்.

செத்தவீட்டில் யாரோ என்னை விசாரித்தார்கள்.
"வேலைக்கு நிண்ட பிள்ளை" என்று பதில் போனது.
சரிதானே.
குசினியில் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு நின்றேன்.
குளிப்பாட்ட வந்த பெண்கள்
உங்கள் இடது கையை நிமிர்த்தப் பார்த்தார்கள்.
"அது நிமிராது,
தோளைத் தாங்கிக்கொண்டு தண்ணி வாருங்கோ.
கொஞ்சம் சூடாய்."
வாசலில் நின்று கத்திவிட்டேன்.
எல்லாரும் விலகி இடம் விட்டார்கள்.
பிறகு ஆறு ஆம்பிளைகள் உங்களைத் தூக்கினார்கள்.
ஆறு பேர், அக்கா.

பிரபாலினி கொப்பிகளைக் கேட்டா.
மூன்று சீ.ஆர். கொப்பி.
மூத்திரம் போன நேரம், மாத்திரை, மலம்,
சாப்பிட்ட இடியப்பக் கணக்கு.
"அம்மான்ர கடைசி ரெண்டு வருஷம் இதுக்குள்ளதான் இருக்கு"
என்று நெஞ்சோடு வைத்துக்கொண்டா.
நின்றபடியே பக்கம் புரட்டினா.
ஒரு இடத்தில் விரல் நின்றது.
"நூற்று நாற்பத்திரண்டு.
அண்டைக்கு அம்மா நல்லா இருந்திருக்கிறா, என்ன?"

வாய் திறந்தேன்.
வெளியே வாகனம் ஹோர்ன் அடித்தது.

"ஓம். நல்லா இருந்தவா."

பல்லைக் கழற்றி நெஸ்டமோல்ட் போத்தலுக்குள் போட்டுவிட்டு,
ஜன்னல் பக்கம் திரும்பி,
கடைவாயில் அந்தப் பனங்கட்டியை ஒதுக்கிக்கொண்டு
அரை மணித்தியாலம்
யாரோடும் பேசாமல் இருந்தீர்கள்.